எந்த ஆண்டுக்கு

மஃறூப் நானா கிலோக் கணக்கில்தான் விற்றார்.
கிண்ணியாவில் அவருடைய இரும்புக்கடைப் பின்வளவில்
தராசில் ஏறியது ஜோன்சன்:
முப்பத்தொரு கிலோ, மண்ணுக்கு அரைக் கிலோ கழிவு.
"ஐஸ் பெக்டரிக் கணக்குப்பிள்ளைக்கு நான் என்ன கணக்குச் சொல்லுற?"
என்றபடி ஐந்நூறு ரூபாய் கூட்டினார்.

பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கட்.
பாலத்தில் ஏறிய குலுக்கத்துக்கு
பழைய ஒயில் கொஞ்சம் என் செருப்பில் பெய்தது,
கைக்குழந்தை மாதிரி.

வீட்டில் ஏற்கெனவே ஆறு.
குளியலறைக் கதவை முழுதாய்த் திறக்க விடாமல் இரண்டு சீகல்.
சாப்பாட்டு மேசைக்குக் கீழே தலையில்லாத ஒரு எவின்ரூட்.
"பொம்பிளை பார்க்க வாறவைக்கு
இதுகளை எங்க ஒளிக்கிறது?" என்பாள் தங்கை நிரோசா.
ஒளிப்பானேன், முன்னுக்கு வை.
நாற்பத்தொரு குதிரை சீதனம் என்று நினைக்கட்டும்.

ஞாயிறு. தின்னர், கிழிந்த சட்டைத் துணி.
மூடியின் மேல் வெள்ளையில் 0317.
கடலுக்குப் போகப் பாஸ் எடுத்த நாட்களில்
இறங்குதுறைக் காவலில் அடித்தது.
மூன்றின் வால் வழிந்திருந்தது;
அடித்தவனுக்கு அவசரம், அல்லது வெயில்.
ஓரத்தைத் தொட்டதும் உரிந்தது.
கீழே நீலத்தில் 'பவள' என்று ஏதோ.
தேய்த்தேன். பவளராணி.
'ணி'யின் சுழிக்குள்ளால் பாசிப் பச்சை,
பச்சையில்
ஒரு கடற்குதிரையின் மூக்கு.

துணி அங்கே நின்றது.

திருத்துவது சுகம்: பழுதைக் கழற்று, நல்லதைப் பூட்டு.
பேணுவதென்றால், எந்த ஆண்டுக்கு?
கடற்குதிரைக்குப் போனால் பவளராணி அழிவாள்.
பவளராணியோடு நின்றால் 0317 போகும்.
வெள்ளையை அப்படியே விட்டாலோ
காவலில் நின்றவன் கடைசி உடைமைக்காரன் ஆவான்.

கோணேசலிங்கத்தின் மெசின் என்று நானாதான் சொல்லியிருந்தார்.
தேடிப் போனேன். அவர் இப்போது நிலாவெளியில்
நாற்பது குதிரை யமஹாவில்
புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரை ஏற்றுகிறார்.
"அந்தச் சனியனா? இன்னும் சாகேல்லையா?
வேணுமெண்ட நேரம் ஸ்டாட் வராது.
வேண்டாத நேரம் ஒரே இழுவை."
யாருடையவோ லைப் ஜக்கட் வாரை இறுக்கிக்கொண்டே:
"ஒருக்கா நடுக்கடலில நேவி நிப்பாட்டச் சொன்னவன்.
நிப்பாட்டினன்.
பிறகு அவனும் ஏறி என்னோட நிண்டு இழுத்தவன்,
நாப்பது தரம். கை தோல் உரிஞ்சு போச்சு அவனுக்கு."
பவளராணி யார் என்றேன்.
"எனக்கென்னெண்டு தெரியும்? நான் வாங்கேக்கையே இருந்தது.
அந்தப் பேரால மனிசி ரெண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை."
படகு நிறைந்துவிட்டது. போய்விட்டார்.
மெசினைப் பார்க்க வருவாரா என்று கேட்க நினைத்திருந்தேன்;
கேட்காததும் நல்லது.

தின்னர் போத்தலை இறுக்கி மூடினேன்.
உரிந்தது உரிந்தபடி. உள்ளுக்குள் மட்டும் கை:
பிளக் இரண்டு, தண்ணீர் இறைக்கும் றப்பர்,
உப்புக் கட்டி அடைத்த ஒரு சின்னக் குழாய்,
அதைக் குத்த என் கொண்டை ஊசி.
இருபத்துநாலு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில்.
பின்வளவில் மழைத்தண்ணீர்ப் பரலில் கொளுவி இழுத்தேன்.

பதினெட்டு இழுவை வரை யோசித்தது.
பத்தொன்பதில் பரல் பொங்கிச் சேறானது கால்.
ரோகிணி மிஸ் காயப்போட்ட சாறிகளுக்குள்
நீலப் புகை நுழைந்து வெளியே வரவில்லை.
"திரும்பவுமா!" என்றது மதிலுக்கு மேலால் ஒரு தலை.

கவ்வாத மூடியை மேலே வைத்து
இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தேன்.
உள்ளங்கைக்குக் கீழே ஒரு இலக்கம், ஒரு பெண்பெயர்,
ஒரு மூக்கு,
எல்லாம் ஒரே நடுக்கம்.

நிறுத்துகிற வயரை இன்னும் பூட்டவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
பெற்றோல் தீரும்வரை அப்படியே நின்றேன்.